கிளி வளர்க்க ஆசையா? டெல்டா வீடுகளுக்கான குறிப்புகள்

13 ஏப்ரல் 2025 – வலங்கைமான் வாசகி கேட்டது

அக்கா, என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. கிளி வேணும்னு ஒரே பிடிவாதம். பொந்துலேருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சு கொண்டுவந்து தர்றேன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார். இன்னும் இறகு முளைக்கலையாம், இப்பவே கையில வளர்த்தா நல்லாப் பேசுமாம். எங்க தாத்தா வீட்டுலயும் கிளி இருந்துச்சு. என்ன கூண்டு, என்ன சாப்பாடுன்னு சொல்லுங்க. பெருசா செலவு ஆகாதுதானே?

13 ஏப்ரல், இரவு

அந்தக் குஞ்சை வாங்காதீங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம்.

நம்ம பச்சைக்கிளி, அதாவது செந்தார்ப் பைங்கிளி, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துல (1972) வர்ற பறவை. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1-லேருந்து நடைமுறையில இருக்கு. அதுல இதை இரண்டாம் அட்டவணையில வச்சிருக்காங்க. பிடிக்கறது, விக்கறது, வாங்கறது, வீட்டுல வச்சிருக்கறது எல்லாமே குற்றம். 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். தோளுல சிவப்புத் திட்டு இருக்கிற பெரிய கிளிக்கும் இதேதான். கோயில் வாசல்ல கிளி ஜோசியக்காரர் வச்சிருக்காரே, கடைத்தெருவுல கூண்டோட தொங்குதேன்னு கேப்பீங்க. அங்க இருக்கறதால அது சட்டமாயிடாது.

சட்டத்தை விடுங்க. தை, மாசி, பங்குனியில மொட்டைத் தென்னை, பனையில பொந்து பார்த்து முட்டை வைக்குது. ஆள் ஏறினா ஒரு குஞ்சோட இறங்க மாட்டான், பொந்தையே வழிச்சுட்டு வருவான். அதுல பாதி கைமாறும்போதே செத்துடும். மிச்சத்துக்கு வாங்கினவங்க பால்சோறு பிசைஞ்சு ஊட்டுவாங்க. பாலைச் செரிக்கிற சக்தி பறவைக்குக் கிடையாது. தாய் தன் தொண்டைப்பையிலேருந்து கக்கி, உடம்புச் சூட்டோட ஊட்டறதை நாம ஸ்பூனால செய்யப் போனா, கொஞ்சம் சூடு கூடினா தொண்டைப்பை வெந்துபோகும், கொஞ்சம் ஆறினா உள்ள அப்படியே புளிச்சுப்போகும். பழக்கமில்லாதவங்க கையில இறகு முளைக்காத குஞ்சு பிழைக்கறது கஷ்டம். அதை உங்க பொண்ணு கண்ணெதிர்ல பார்க்கணுமா?

14 ஏப்ரல்

சரி, என்னதான் வளர்க்கலாம்னு உடனே கேட்டிருக்கீங்க. பட்ஜி. கடையில "லவ் பேர்ட்ஸ்"னு சொல்லி பச்சை, மஞ்சள், நீலத்துல விக்கிறாங்களே, அது பெரும்பாலும் பட்ஜிதான். இதுவும் கிளி இனம்தான், ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்நாட்டுப் பறவை. 1840-ல ஜான் கூல்டுங்கிறவர் உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அதுலேருந்து கூண்டுலேயே தலைமுறை தலைமுறையா பெருகினது, காட்டுல பிடிச்சது இல்லை. அடுத்தது காக்டெயில்னு ஒரு கிளி. தலையில கொண்டை, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கன்யூர் மாதிரி பறவைகளை முதல் தடவை வளர்க்கறவங்க தொடவே வேண்டாம். 2024-ல வந்த விதிப்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கிற அயல்நாட்டு உயிரினங்களை மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணியாகணும். பட்ஜியும் காக்டெயிலும் அந்தப் பட்டியல்ல இல்லை. இன்னொண்ணு, சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது வருஷம் இருக்கும். ஆறாவது படிக்கிற பொண்ணுக்கு வாங்கிக் கொடுத்தா அவ பேரன் பேத்தி எடுக்கற வரைக்கும் இருக்கும். பட்ஜி ஐந்திலிருந்து பத்து வருஷம், காக்டெயில் பதினஞ்சு இருபது. அந்தக் கணக்கைப் போட்டுட்டு கடைக்குப் போங்க.

20 ஏப்ரல்

கூண்டு. கடையில அழகா கோபுரம் வச்சு, வட்டமா உயரமா ஒண்ணு காட்டுவாங்க. வேண்டாம். பறவை மேல கீழ பறக்காது, குறுக்கேதான் பறக்கும். ரெண்டு பட்ஜிக்குக் குறைஞ்சது ரெண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல போகக் கூடாது, தலை மாட்டிக்கும்.

நம்ம ஊர்ப் பட்டறையில வெல்ட் மெஷ் வாங்கி அடிச்சுக்கறது மலிவு, நானும் அப்படித்தான் செஞ்சேன். புதுக் கம்பியில துத்தநாகப் பூச்சு பொடிப் பொடியா ஒட்டியிருக்கும். பறவை அலகால கம்பியைப் பிடிச்சு ஏறும், அந்தப் பொடி வயித்துக்குப் போனா விஷம். வினிகர் தொட்டு பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காய வச்சு, அப்புறம் பறவையை விடுங்க.

உட்கார்ற குச்சிக்குக் கொய்யாக் கிளை, வேப்பங்கிளை. ஒரே தடிமன்ல வழவழன்னு இருக்கிற கட்டை வேண்டாம், உள்ளங்கால் புண்ணாயிடும். பருமனும் மெலிசுமா கோணல் மாணலா இருக்கணும். முருங்கைக் கிளை நீடிக்காது, கடிச்சே தீர்த்துடும். அது நல்லதுதான், அலகுக்கு வேலை. அரளி மட்டும் பக்கத்துலேயே வரக் கூடாது.

கொல்லைப்புறத்துல மாட்டாதீங்க. எலி வரும், எலிக்குப் பின்னாடி சாரை வரும். கூடத்துல, ஒரு பக்கம் சுவரை ஒட்டி, ஜன்னல் வெளிச்சம் படற இடம். நாலு பக்கமும் திறந்திருந்தா பயந்துகிட்டே இருக்கும்.

27 ஏப்ரல்

இதைத் தனியா எழுதணும்னு வச்சிருந்தேன். நம்ம பக்கத்து வீடுகள்ல கூண்டுப் பறவை பசியில சாகறதைவிட புகையில சாகறதுதான் அதிகம்னு நான் நம்பறேன். கண்ணால பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை இது.

யோசிச்சுப் பாருங்க. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். சாயந்தரம் ஆனா கொசுவத்திச் சுருள். வெள்ளி செவ்வாய் சாம்பிராணி. காலையில ஊதுபத்தி, கற்பூரம். பீரோவுல ரசகற்பூர உருண்டை. எறும்புக்கு, கரப்பானுக்கு ஸ்பிரே. இத்தனையும் சின்னக் கூடத்துல, கூண்டுக்கு ரெண்டடி தள்ளி.

பறவைக்கு நுரையீரல் மட்டுமில்லை, உடம்புக்குள்ள காத்துப்பைகளும் உண்டு. மூச்சை உள்ள இழுக்கும்போதும் வெளிய விடும்போதும் புதுக் காத்து நுரையீரல் வழியாப் போகுது. பறக்கறதுக்கு ஏத்த அமைப்பு அது. காத்துல விஷம் இருந்தா அதையும் அதே வேகத்துல இழுக்கும். பட்ஜியோட எடை முப்பது நாற்பது கிராம். உங்களுக்குத் தும்மல் வர்ற அளவு புகை அதுக்கு எவ்வளவு?

எல்லாத்தையும்விட மோசம் நான்ஸ்டிக் தவா. காலியா அடுப்புல வச்சுட்டு மறந்து, அளவுக்கு மேல சூடாச்சுன்னா அந்தப் பூச்சுலேருந்து ஒரு ஆவி வரும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. எங்க தெருவுல ஒரு வீட்டுல அடுப்படி வாசலுக்கு நேரா கூண்டு. நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்புல இருக்கும்போது போன் வந்து அந்தம்மா திண்ணைக்குப் போயிட்டாங்க. திரும்பி வந்தப்ப ரெண்டு காக்டெயிலும் கூண்டுத் தரையில கிடந்துச்சு. காலையிலகூட விசில் அடிச்ச பறவைங்க. என்னைக் கூப்பிட்டாங்க, போய்ப் பார்த்தேன், செய்யறதுக்கு ஒண்ணுமில்லை. கிளி வளர்க்கற வீட்டுல இரும்புத் தோசைக்கல்தான். இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கொசுவுக்குக் கூண்டு மேல மெல்லிசு கொசுவலைத் துணி போடுங்க. சாம்பிராணி போடற அன்னிக்குக் கூண்டைக் காத்தோட்டமான வேற அறைக்குத் தூக்கிட்டுப் போய், புகை முழுக்க அடங்கினதும் கொண்டு வாங்க. சாமிக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் போய்ச் சேரும்.

11 மே

கத்திரி. அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கிட்டு, இறக்கையை உடம்பை விட்டு விரிச்சு வச்சிருந்தா வெக்கை தாங்கலைன்னு அர்த்தம். அகலமான மண் சட்டியில ரெண்டு விரக்கடை தண்ணி வைங்க, தானே இறங்கிக் குளிக்கும். ஈரக் கொத்தமல்லிக் கட்டைத் தொங்க விட்டா அதுல புரளும், பார்க்கவே சந்தோஷமா இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில, மொட்டை மாடி ஷெட்டுல வைக்கவே வேண்டாம்.

கூண்டை விட்டு வெளிய விடும்போது மேல சுத்தற ஃபேனை நிறுத்துங்க. இது கோடையில மறந்துபோற விஷயம்.

1 ஜூன்

பேராவூரணித் தம்பி ஒருத்தர் எழுதியிருக்கார்: "கிண்ணம் நிறைய தினை இருக்கு அக்கா, ஆனா பறவை இளைச்சுக்கிட்டே போகுது."

தம்பி, அந்தக் கிண்ணத்தைக் கையில எடுத்து மெதுவா ஊதிப் பாருங்க. பட்ஜி தினையை முழுசா விழுங்காது. அலகுக்குள்ள உருட்டி, நாக்கால தள்ளி, உமியை உரிச்சு கிண்ணத்துலேயே போட்டுடும். உமி பார்க்க தினை மாதிரியே இருக்கும், அதே நிறம், அதே வடிவம். ஊதினீங்கன்னா கிண்ணத்துல முக்கால்வாசி பறந்துடும், அடியில நாலு மணி கிடக்கும். கிண்ணம் நிறைஞ்சிருக்குன்னு வீட்டுல எல்லாரும் நினைச்சுட்டு இருப்பாங்க, பறவை பட்டினி கிடக்கும். தினம் காலையில ஊதிட்டு மேல போடுங்க.

இன்னொண்ணு, மார்புல விரல் வச்சுப் பாருங்க. நடு எலும்புக்கு ரெண்டு பக்கமும் சதை மேடா இருக்கணும். எலும்பு கத்தி முனை மாதிரி விரல்ல தட்டினா நிலைமை சரியில்லை. சமையல் எடைக்கருவி ஒண்ணு வாங்கி வாரம் ஒரு தடவை எடை போட்டு நோட்டுல எழுதுங்க. கண்ணு ஏமாறும், கிராம் கணக்கு ஏமாறாது.

தினை, பனிவரகு, சாமை எல்லாம் கலந்து கொடுக்கலாம். சூரியகாந்தி விதை காக்டெயிலுக்கு எப்பவாவது, அதுவும் எண்ணி. அதையே தின்னா ஈரல்ல கொழுப்பு ஏறிடும். விதை மட்டும் போதவே போதாது. வைட்டமின் ஏ குறைஞ்சு மூக்கு, கண்ணு, தொண்டையெல்லாம் நோய் வரும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவின கேரட், பரங்கித் துண்டு, முளைகட்டின பச்சைப்பயறு தினமும் ஏதாவது ஒண்ணு. முதல்ல தொடாது. ரெண்டு வாரம், மூணு வாரம்கூடத் தொடாது. நிறுத்தாம வச்சுக்கிட்டே இருங்க. நீங்க அது முன்னாடி உட்கார்ந்து அதே கீரையைக் கடிச்சீங்கன்னா கிட்ட வந்து பார்க்கும்.

உப்பு போட்ட சோறு, முறுக்கு, பிஸ்கட், டீ, காபி, சாக்லேட், வெங்காயம், அவகேடோ எதுவும் கூடாது. ஆப்பிள் கொடுத்தா விதையை எடுத்துட்டுக் கொடுங்க.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு கேட்டாலும் இதைத்தான் தருவாங்க. வேளாங்கண்ணி, கோடியக்கரைப் பக்கம் போனா மணல்லேயே ஒதுங்கிக் கிடக்கும், வெள்ளையா, படகு வடிவத்துல, நகத்தால கீறினா மாவா உதிரும். பொறுக்கிட்டு வந்தா தண்ணியை மாத்தி மாத்தி சில நாள் ஊற வச்சு உப்பை இறக்கி, நல்லா வெயில்ல காயவச்சு, மெத்துன்னு இருக்கிற பக்கம் பறவையைப் பார்த்த மாதிரி கம்பியில கட்டுங்க. பெட்டைப் பறவைக்கு இது ரொம்ப முக்கியம். சுண்ணாம்பு குறைஞ்சா முட்டை வெளிய வராம சிக்கிக்கும்.

3 ஜூன்

பச்சை மிளகாய் கொடுத்தாப் பேசுமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. மிளகாயோட காரம் பறவைக்கு உறைக்காது, அதனால ருசிச்சுத் தின்னும். பேசறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பேச்சு வர்றது கேட்டுக் கேட்டுத்தான். பட்ஜியில ஆண் பறவை கொஞ்சம் நல்லாப் பேசும். பக்னு பேர் வச்ச ஒரு பட்ஜிக்கு 1,728 சொல் தெரியும்னு கின்னஸ் புத்தகத்துல 1995-ல பதிஞ்சிருக்காங்க.

ஆனா பேசும்னு எதிர்பார்த்து வாங்காதீங்கன்னு மனசாரச் சொல்றேன். பேசாத பறவையை மூலையில ஒதுக்கிடறாங்க, அதைப் பார்த்தாத்தான் எனக்கு ஆத்திரம் வருது.

19 ஜூலை

ஒரத்தநாட்டுப் பக்கத்துலேருந்து ஒரு கேள்வி. மொட்டைத் தென்னையை வெட்டப் போறாங்களாம், பொந்துல கிளி இருக்காம், என்ன செய்யறதுன்னு.

முடிஞ்சா வெட்டாதீங்க. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பூரா தென்னையைச் சாய்ச்சுது. பொந்து இருந்த பழைய மரங்களும் அதோட போச்சு. புதுசா நட்ட கன்னுல பொந்து விழ எத்தனையோ வருஷம் ஆகும். வீட்டுக்கோ பாதைக்கோ ஆபத்தில்லைன்னா அந்த மொட்டை மரம் அங்கேயே நிக்கட்டும். வெட்டியே ஆகணும்னா, குஞ்சு பறந்து போனதை உறுதி பண்ணிட்டு வெட்டுங்க.

குஞ்சு கீழ விழுந்திருந்தா, கையெட்டற பொந்துன்னா திரும்ப வைக்கலாம். மனுஷக் கை பட்டா தாய் ஒதுக்கிடும்கிறது தப்பு. எட்டாத உயரம்னா வன அலுவலகத்துக்குச் சொல்லுங்க. ஏற்கெனவே வீட்டுல பச்சைக்கிளி வச்சிருக்கவங்களும் திடீர்னு கூண்டைத் திறந்து விட்டுடாதீங்க. பறந்து பழகாத கிளியைக் காக்கா கொத்தியே கொன்னுடும். அதையும் வன அலுவலகம் மூலமாத்தான் ஒப்படைக்கணும்.

24 ஆகஸ்ட்

நோய். பறவை தன் நோயை மறைக்கும். கூட்டத்துல நலிஞ்சது தெரிஞ்சா பருந்து அதைத்தான் தூக்கும், அந்தப் பயம் கூண்டுலயும் போகாது. நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் முத்திப்போயிருக்கும். அதனால தினமும் பார்க்க வேண்டியது அடியில போட்டிருக்கிற செய்தித்தாளைத்தான். எச்சத்துல மூணு பாகம் இருக்கும்: கரும்பச்சைச் சுருள், வெள்ளைச் சுண்ணாம்பு, கொஞ்சம் தெளிஞ்ச நீர். கீரை கொடுத்த அன்னிக்கு நீர் கூடும், பயப்பட வேண்டாம். வெள்ளை மஞ்சளாச்சு, சுருள் கரியா தார் மாதிரி ஆச்சு, முழுத் தினை அப்படியே வருதுன்னா டாக்டர்கிட்ட போகணும்.

பகல்ல உப்பிக்கிட்டு ரெண்டு காலும் ஊன்றித் தூங்கறது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடறது, கூண்டுத் தரையில போய் உட்கார்றது, இதுல எது இருந்தாலும் அன்னிக்கே போங்க. "நாளைக்குப் பார்ப்போம்"கிறது இவ்வளவு சின்ன உயிருக்கு ஒத்துவராது. போற வழியில சின்னப் பெட்டியில வச்சு, கதகதப்பா, மேல துணி மூடி எடுத்துட்டுப் போங்க.

பக்கத்து மாட்டாஸ்பத்திரியில எல்லாருக்கும் பறவை வைத்தியத்துல பழக்கம் இருக்கும்னு சொல்ல முடியாது. நம்ம பக்கம் ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. பறவை வாங்கறதுக்கு முன்னாடியே யார் பார்ப்பாங்க, எத்தனை மணிக்குப் பார்ப்பாங்கன்னு விசாரிச்சு வச்சுக்கோங்க. கடையில தர்ற மஞ்சள் பொடி மருந்தைத் தண்ணியில கலக்கி ஊத்தி ரெண்டு நாள் வீணாக்காதீங்க.

உங்களுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் நீடிச்சா, வீட்டுல பறவை இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. கிளி இனத்துலேருந்து மனுஷனுக்குத் தொத்தற நுரையீரல் காய்ச்சல் ஒண்ணு இருக்கு. மருந்து உண்டு, ஆனா டாக்டருக்குத் தெரிஞ்சாத்தானே யோசிப்பார்.

28 செப்டம்பர்

குறுவை அறுப்பு நடக்குது. "வயல்லேருந்து பச்சைக் கதிர் ஒடிச்சு வந்து கொடுக்கலாமா"ன்னு மன்னார்குடிக்காரர் கேட்டார். பால் பிடிச்ச கதிர்னா பட்ஜிக்கு உசிர், எனக்கும் கொடுக்க ஆசைதான். ஆனா அந்த வயல்ல எப்ப மருந்தடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து வயல்ல? நெல்லுக்கு மருந்தே அடிக்காத வயல்னு உறுதியாத் தெரிஞ்சாக் கொடுங்க. வரப்புப் புல்லுக்கும் இதேதான். இல்லைன்னா தொட்டியில ஒரு பிடி தினையைத் தூவி விடுங்க, கதிர் பச்சையா இருக்கும்போதே அறுத்துக் கொடுக்கலாம்.

12 அக்டோபர்

ஏப்ரல்ல ஜன்னல் வெளிச்சத்துல வைங்கன்னு எழுதியிருந்தேன். அது கோடைக்கான இடம். வடகிழக்கு மழை பிடிச்சுட்டா அதே ஜன்னல்ல சாரலும் ஊதக்காத்தும் வரும். இப்பவே உள்சுவர்ப் பக்கம் மாத்துங்க.

மழைக்காலத்துல தினைதான் முதல் எதிரி. நம்ம ஈரப்பதத்துல மூட்டை அடியில பூஞ்சை பிடிச்சுடும். கண்ணுக்குத் தெரியாது, முகர்ந்தா மக்கின வாசம் வரும். கழுவிக் காயவச்சுட்டாலும் பூஞ்சையோட விஷம் போகாது, ஈரலைப் பிடிக்கும். அந்த வாசம் வந்தா யோசிக்காம கொட்டுங்க. மூணு மாசத்துக்குச் சேர்த்து வாங்காம கொஞ்சமா வாங்கி, எவர்சில்வர் தூக்குல இறுக்கி மூடுங்க. முளைகட்டினது, நறுக்கின காய் ரெண்டையும் ரெண்டு மணி நேரத்துல எடுத்துடணும்.

இருபதாம் தேதி தீபாவளி. காக்டெயிலுக்கு இருட்டுல திடீர்ச் சத்தம்னா வெறி பிடிச்ச மாதிரி கம்பியில மோதும், இறகு பிஞ்சு ரத்தம் வரும். அன்னிக்கு ராத்திரி தெருவிலேருந்து தள்ளின அறை, ஜன்னல் சாத்தி, சின்ன விளக்கு ஒண்ணு எரியட்டும். முழுக்கத் துணியால மூடாதீங்க. கரண்ட் போறதுக்குத் தயாரா பேட்டரி விளக்கு. வாசல்ல வெடிப் புகை அடங்கற வரைக்கும் கதவைத் திறக்க வேண்டாம்.

9 நவம்பர்

வலங்கைமான் தங்கச்சி திரும்ப எழுதியிருக்காங்க. குஞ்சு வாங்கலையாம். ரெண்டு பட்ஜி வாங்கி மாசக்கணக்காச்சாம், ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். பொண்ணு காலையில உமி ஊதிட்டுத்தான் பள்ளிக்கூடம் போறாளாம். படிச்சதும் எனக்கு அன்னிக்குப் பூரா மனசு நிறைஞ்சு இருந்துச்சு. கேள்வி: இன்னும் கையில வரமாட்டேங்குது, துண்டு போட்டுப் பிடிச்சுப் பழக்கலாம்னு கடைக்காரர் சொல்றாராம், செய்யலாமா. இன்னொரு ஜோடி சேர்க்கலாமா.

துண்டு வேண்டாம். மேலேருந்து வர்ற கை அதுக்குப் பருந்து. தினைக் கதிர் ஒண்ணைக் கையில பிடிச்சு, கூண்டு வாசலுக்கு வெளியவே, அதோட கண் மட்டத்துல அசையாம இருக்கச் சொல்லுங்க, தினமும் அதே நேரத்துக்கு. கழுத்தை நீட்டி ஒரு மணி கொத்திட்டு ஓடும். மறுநாள் ரெண்டு. அப்புறம் கை உள்ள போகலாம். ரெண்டு பறவை ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கறதால கையில வர நாளாகும். வரலைன்னாலும் குறையில்லை, அதுங்க ரெண்டும் கொஞ்சிக்கிட்டு இருக்கே, அதுவே போதும். ராத்திரி பத்துலேருந்து பன்னெண்டு மணி நேரத் தூக்கம் வேணும், டிவி ஓடற கூடத்துல அது கிடைக்காது.

இன்னொரு ஜோடியை இப்பச் சேர்க்க வேண்டாம். என்னிக்குச் சேர்த்தாலும் முப்பது நாள் வேற அறையில, வேற கிண்ணத்துல வச்சிருந்து, முதல்ல பழசுக்குத் தீனி போட்டுட்டு அப்புறம் புதுசுக்குப் போடுங்க. பானையும் கட்டாதீங்க. பானையைப் பார்த்தா முட்டை வைக்கும், ஒண்ணு மாத்தி ஒண்ணு வச்சுக்கிட்டே இருந்தா பெட்டை ஒரு வருஷத்துல தேஞ்சுடும். குஞ்சுகளை யார்கிட்ட கொடுப்பீங்க, அவங்க வீட்டுல என்ன தவா இருக்குன்னு தெரியாம பெருக்கறது வேண்டாம்மா.

பச்சைப் பறவைக்கு அலகுக்கு மேல தேன்கூடு மாதிரி சொரசொரப்பா வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்குன்னு கடைசி வரியில எழுதியிருக்கீங்களே, அது செள்ளு மாதிரி ஒரு பூச்சியா இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. எண்ணெய் தடவிக்கிட்டு இருக்காதீங்க, டாக்டர் சொட்டு மருந்து தருவார், சீக்கிரம் குணமாயிடும். ரெண்டு பறவையையும் சேர்த்தே கூட்டிட்டுப் போங்க. உட்கார்ற குச்சியையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு புதுக் கொய்யாக் கிளை மாட்டுங்க.